எடமாமே சாலட்: டிரெஸ்ஸிங்கை விடுங்கள், முதலில் தண்ணீரைக் கவனியுங்கள்

கேள்வி இதுதான்: ஃப்ரீசரில் உரித்த எடமாமே, அதாவது பச்சைச் சோயாப் பயறு, ஒரு பாக்கெட் இருக்கிறது. சோயா சாஸ், எள்ளெண்ணெய், வினிகர் எல்லாம் ஊற்றி ஆசிய பாணியில் சாலட் செய்து பார்த்தாயிற்று. கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கிவிட்டது. பயறு சப்பென்று இருந்தது. ஒரு மணி நேரத்தில் பச்சை நிறமும் மங்கிப்போனது. இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்குள் இதை ஒழுங்காகச் செய்ய முடியுமா, மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு எடுத்துப்போகலாமா?

இரண்டுக்கும் பதில் முடியும் என்பதுதான். அடியில் தண்ணீர், சப்பென்ற பயறு, மங்கிய நிறம் என்று நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் ஒன்றுகூட டிரெஸ்ஸிங்கின் அளவால் வந்ததில்லை. முதல் இரண்டுக்கும் காரணம் தண்ணீர். மூன்றாவதுக்குக் காரணம் வினிகர் உள்ளே போன நேரம். இதைச் சரிசெய்யாமல் இன்னும் ஒரு கரண்டி சோயா சாஸ் ஊற்றினால், அடியில் தேங்கும் தண்ணீர் உப்புத் தண்ணீராகும், அவ்வளவுதான். நானும் முதல் தடவை அதைத்தான் செய்தேன். பாக்கெட்டைக் குழாய்த் தண்ணீரில் காட்டி, ஐஸ் கரைந்ததும் அப்படியே கிண்ணத்தில் கொட்டி, டிரெஸ்ஸிங்கை ஊற்றிக் கிளறினேன். சாப்பிட உட்கார்ந்தபோது அது பாதி சூப்பாக இருந்தது.

எடமாமே தனிப் பயிர் இல்லை. முற்றி மஞ்சளாகி உலர்வதற்கு முன்பே, காய்க்குள் பயறு நன்றாகத் திரண்டு இன்னும் பச்சையாக இருக்கும்போது பறித்த சோயாதான் அது. ஜப்பானிய மொழியில் 'எடா' என்றால் கிளை, 'மாமே' என்றால் பயறு. கிளையோடு வெட்டிக் கொண்டுவந்து விற்றதால் அந்தப் பெயர். சீனத்தில் இதையே 'மாவ்தோ' என்கிறார்கள், முடியுள்ள பயறு என்று பொருள். காயின் மேல் இருக்கும் மெல்லிய சுணையைத் தொட்டுப் பார்த்தால் பெயரின் காரணம் விளங்கிவிடும். ஜப்பானில் இது பழைய சங்கதி. நிச்சிரென் என்ற பௌத்தத் துறவி, தனக்கு எடமாமே அனுப்பியவருக்கு 1275இல் எழுதிய நன்றிக் குறிப்பைத்தான் வழக்கமாக முதல் சான்றாகக் காட்டுவார்கள்.

அங்கே அதை உண்ணும் முறை மிக எளிமையானது. காயோடு உப்புத் தண்ணீரில் வேகவைத்து, காயை உதட்டில் வைத்துப் பயறை மட்டும் பிதுக்கித் தின்பார்கள், பெரும்பாலும் பீருக்குத் துணையாக. (காய்த்தோலைத் தின்னக்கூடாது. நார்நாராக வாயில் சுற்றிக்கொள்ளும். ஒருமுறை என் வீட்டில் ஒருவர் மரியாதைக்காக நான்கைந்து காய்களைத் தோலோடு மென்று விழுங்கிவிட்டு, "நார்ச்சத்து நிறைய போலிருக்கிறதே" என்றார்.) ஜப்பானின் மியாகி பகுதியில் இதே பயறை அரைத்து, சர்க்கரை சேர்த்து, 'சுன்டா' என்ற பச்சை விழுதாக்கி மோச்சி என்ற பசையரிசிப் பலகாரத்தின் மேல் பூசுகிறார்கள். ஆக, நாம் செய்யப்போகும் சாலட்டைப் பாரம்பரிய ஜப்பானியப் பதார்த்தம் என்று சொல்ல முடியாது. சோயா சாஸ், இஞ்சி, வறுத்த எள் என்று கிழக்காசியச் சமையலறைப் பொருள்களைச் சேர்த்துச் செய்யும் ஒரு கலவை இது. அதனால் இப்படித்தான் செய்யவேண்டும் என்ற விதி எதுவும் கிடையாது, பயப்படாமல் மாற்றலாம்.

ஃப்ரோஸன் பாக்கெட் என்பதற்காக வருத்தப்படவும் வேண்டாம். பறித்த கணத்திலிருந்து எடமாமேயின் இனிப்பு குறைய ஆரம்பித்துவிடும். தொழிற்சாலையில் பறித்த கையோடு வெந்நீரில் போட்டெடுத்து உறையவைத்துவிடுவதால் அந்த இனிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. மூன்று நாள் கடையில் வாடிய 'ஃப்ரெஷ்' காயைவிட நல்ல ஃப்ரோஸன் பயறு பல சமயம் ருசியாக இருக்கும். பச்சைக் காய் கிடைத்தால், உரித்த பிறகு எடையில் ஏறத்தாழ பாதிதான் பயறு நிற்கும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அளவு. இரண்டு பேருக்கு முழுச் சாப்பாடாக, அல்லது நான்கு பேருக்குத் தொட்டுக்கொள்ள: உரித்த எடமாமே 300 கிராம், நடுத்தர வெள்ளரிக்காய் ஒன்று, கேரட் ஒன்று, சிவப்புக் குடைமிளகாய் பாதி, வெங்காயத்தாள் இரண்டு, ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழை, வெள்ளை எள் ஒரு மேசைக்கரண்டி. டிரெஸ்ஸிங்குக்கு சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, ரைஸ் வினிகர் ஒன்றரை மேசைக்கரண்டி, வறுத்த எள்ளின் எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, தேன் அல்லது சர்க்கரை ஒரு தேக்கரண்டி, துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, சின்ன பூண்டுப் பல் ஒன்று, மிளகாய்ச் செதில் ஒரு சிட்டிகை.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை. இங்கே வேண்டியது எள்ளை நன்றாக வறுத்துப் பிழிந்த, தேன் நிறத்திலிருந்து பழுப்பு வரை இருக்கும் எண்ணெய். வறுக்காத எள்ளில் எடுக்கும் நல்லெண்ணெயில் அந்தப் புகைமணம் இருக்காது. அதைத்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் தாராளமாகச் சேருங்கள், ஆனால் வறுத்த எள்ளை இரட்டிப்பாக்கி, பாதியைப் பொடித்துப் போடுங்கள். வறுத்த எண்ணெயை அதிகம் ஊற்றினால் வேறு எந்த ருசியும் தெரியாமல் போய்விடும். இரண்டு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

முதல் வேலை பயறு இல்லை, வெள்ளரிக்காய். அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு அதைக் கையில் எடுங்கள். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் வழுவழு விதைப்பகுதியை ஒரு தேக்கரண்டியால் ஒரே இழுப்பாக வழித்து எடுத்துவிடுங்கள். மீதியை அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, கால் தேக்கரண்டி உப்பு தூவிப் பிசறி, வடிகட்டியில் வையுங்கள். பத்து நிமிடம் கழித்து ஒரு கைப்பிடி அள்ளி லேசாகப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகும். அவ்வளவும் உங்கள் சாலட் கிண்ணத்தின் அடியில் தேங்கியிருக்க வேண்டிய தண்ணீர். உப்பு வெளியில் இருந்தால் வெள்ளரிக்காயின் உள்நீர் அதை நோக்கி வெளியே வந்தே தீரும். அது கிண்ணத்துக்குள் நடப்பதைவிட வடிகட்டியில் நடந்து முடிந்துவிடட்டும். பிழிந்த துண்டுகள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், ஆனால் கடிக்கும்போது முன்பைவிடக் கறுமுறுவென்று இருக்கும்.

இதற்குள் தண்ணீர் கொதித்திருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு போடுங்கள். (காயோடு வேகவைத்தால் ஜப்பானில் நான்கு சதவீத உப்பு, அதாவது லிட்டருக்கு 40 கிராம் என்பது பிரபலமான கணக்கு. தோலைத் தாண்டி உப்பு உள்ளே போகவேண்டும் என்பதால் அவ்வளவு. உரித்த பயறுக்கு அத்தனை போட்டால் வாயில் வைக்க முடியாது.) உறைந்த பயறை நேராகக் கொட்டுங்கள், முன்கூட்டியே இளக்கத் தேவையில்லை. கொட்டியதும் கொதி அடங்கும். மறுபடி கொதி வந்ததிலிருந்து மூன்று நிமிடம் எண்ணுங்கள். பாத்திரத்தை மூடவேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். மூன்றாவது நிமிடம் ஒரு பயறை எடுத்துக் கடித்துப் பாருங்கள். பல்லுக்கு லேசாக எதிர்ப்புக் காட்டி, பிறகு சட்டென்று விட்டுக்கொடுக்க வேண்டும். மாவாகக் குழைந்தால் நேரம் தாண்டிவிட்டது. பச்சை வாடை அடித்தால் இன்னும் ஒரு நிமிடம்.

"ஃப்ரோஸன் பயறு ஏற்கெனவே வெந்ததுதானே, இளக்கினால் போதாதா?" என்று கேட்பீர்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். வேகவைத்து உண்ணவும் என்று போட்டிருந்தால் அதை மீறாதீர்கள். உறையவைக்கும் முன் தரும் வெந்நீர்க் குளியல் நிறத்தையும் ருசியையும் காப்பதற்காகத்தான். கிருமியை முழுதாக ஒழித்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. பறித்த பச்சைக் காய் என்றால் கேள்வியே வேண்டாம், அதைப் பச்சையாகத் தின்னக்கூடாது. சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு, சூடுதான் அவற்றின் வீரியத்தைக் குறைக்கும். மைக்ரோவேவ் மட்டும்தான் இருக்கிறது என்றால், பயறோடு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, மூடிபோட்டு மூன்று நான்கு நிமிடம், நடுவில் ஒருமுறை கிளறி, நன்றாக ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள்.

அடுத்தது வடிப்பது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான குறிப்புகளோடு எனக்குச் சண்டை. "உடனே ஐஸ் தண்ணீரில் போடவும்" என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நிறம் காப்பாற்றப்படும் என்பது உண்மைதான். ஆனால் அப்போதுதான் உப்பேறிய பயறை மறுபடி வெற்றுத் தண்ணீரில் முக்குகிறோம், மேலே ஒட்டிய உப்பு கழுவிப்போகிறது, ஒவ்வொரு பயறின் மேலும் ஈரம் ஒட்டிக்கொள்கிறது. குளிர்ந்த பயறில் அந்த ஈரம் காய்வதற்கும் நேரமாகும். ஜப்பானிய வீடுகளில் மூங்கில் தட்டில் பரப்பி விசிறியால் விசிறுவார்கள். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: பயறின் சொந்தச் சூடே மேலே உள்ள ஈரத்தை ஆவியாக்கி விரட்டிவிடுகிறது. ஆகவே வடிகட்டியை நான்கு உலுக்கு உலுக்கி, பயறை ஒரு அகலத் தட்டில் சுத்தமான துணி விரித்து ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஒரு அட்டையால் விசிறலாம், மின்விசிறிக்கு அடியில் வைக்கலாம். ஐந்து நிமிடத்தில் தோல் உலர்ந்து, பயறு ஒன்றோடொன்று ஒட்டாமல் உருளும். கையில் ஈரம் படாமல் ஒரு பயறை எடுக்க முடிந்தால் தயார்.

ஒன்று மட்டும்: முழுதாக ஆறவிடாதீர்கள். இளஞ்சூட்டில் இருக்கும்போதே கிண்ணத்தில் போட்டு, சோயா சாஸையும் இஞ்சியையும் தேனையும் மட்டும் சேர்த்துப் புரட்டிவிடுங்கள். சூடான உலர்ந்த பயறு ஆறும்போது சோயா சாஸை இழுத்துக்கொள்ளும். எண்ணெய் இப்போது வேண்டாம். எண்ணெய் முதலில் போனால் பயறின் மேல் ஒரு படலமாகி, சாஸ் வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும். வினிகரும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் போட்டுக் குலுக்கி ஊற்றும் வழி கீரை சாலட்டுக்கு நன்றாக இருக்கும். பயறுக்கு இப்படிப் பிரித்துப் போடுவதுதான் பலன் தருகிறது. ஒரு தடவை இரண்டு கிண்ணத்தில் இரண்டு விதமாகவும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசித்துப் பாருங்கள், நான் மேற்கொண்டு வாதாட வேண்டியிருக்காது.

வினிகரை ஏன் தள்ளிப்போடுகிறோம்? பயறின் பச்சைக்குக் காரணமான குளோரோஃபில் மூலக்கூறின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. புளிப்பு பட்டால் அந்த மெக்னீசியம் வெளியேறி, அதன் இடத்தில் ஹைட்ரஜன் வந்துவிடும். அப்போது பளிச்சென்ற பச்சை மங்கி, பாசி கலந்த பழுப்பாகிறது. ஒரு மணி நேரத்தில் நிறம் போனது என்றீர்களே, அது இதுதான். பாத்திரத்தை மூடவேண்டாம் என்றதும் இதற்காகவே. வேகும்போது பயறிலிருந்து வெளிவரும் அமிலங்களில் சில ஆவியோடு போய்விடும். மூடிபோட்டால் அவை மறுபடி தண்ணீரில் சொட்டும். நிறத்துக்காகச் சமையல் சோடா போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. பச்சை நிற்கும்தான், ஆனால் பயறு கொழகொழத்து, வாயில் சோப்பு போல ஒரு ருசி தங்கும். வேண்டவே வேண்டாம்.

பயறு ஆறுகிற நேரத்தில் மற்ற வேலைகளை முடித்துவிடலாம். வெறும் வாணலியில் எள்ளை மிதமான தீயில் வறுங்கள். இரண்டு நிமிடத்தில் ஒன்றிரண்டு துள்ளும், வாசனை வரும். அதோடு வேறு தட்டில் கொட்டிவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டில் கருகும், கருகிய எள் கசக்கும். கேரட்டை மெல்லிய குச்சிகளாகவும் குடைமிளகாயைப் பயறு அளவுக்கும் நறுக்குங்கள். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் ஒரு கரண்டியில் எல்லாமே ஏறும். பூண்டைத் துருவி, அளந்து வைத்த வினிகரிலேயே ஐந்து நிமிடம் ஊறப்போடுங்கள். பூண்டை நசுக்கும்போது காரத்தை உண்டாக்கும் நொதியைப் புளிப்பு மட்டுப்படுத்துவதால், மணம் நிற்கும், நாக்கைக் கடிக்கும் பச்சைக் காரம் குறையும். ரைஸ் வினிகர் இல்லையா? சாதாரண வெள்ளை வினிகர் அதைவிட முரட்டுத்தனமானது. ஒரு மேசைக்கரண்டியாகக் குறைத்து, தேனைக் கொஞ்சம் கூட்டுங்கள். எலுமிச்சைச் சாறும் நன்றாகவே இருக்கும், ருசி மட்டும் தாய்லாந்துப் பக்கம் சாயும்.

பரிமாறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு பிழிந்த வெள்ளரி, கேரட், குடைமிளகாய், வெங்காயத்தாள் எல்லாவற்றையும் பயறோடு சேருங்கள். பூண்டு ஊறிய வினிகரை ஊற்றிப் புரட்டுங்கள். கடைசியாக எண்ணெய், எள், மிளகாய்ச் செதில், தழை. இப்போது ருசி பாருங்கள். உப்பு குறைவாகத் தோன்றினால் சோயா சாஸுக்குக் கை நீட்டும் முன் இன்னும் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். பல சமயம் குறைவது உப்பு இல்லை, புளிப்பு. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது, பயறிலும் வெள்ளரியிலும் ஏற்கெனவே கொஞ்சம் உப்பு ஏறியிருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வேகவைக்கும் தண்ணீரில் உப்பை விட்டுவிட்டு, சோடியம் குறைந்த சாஸைப் பயன்படுத்தலாம்.

மாற்றங்கள் எத்தனையோ செய்யலாம். நூடுல்ஸ் சேர்த்தால் டிரெஸ்ஸிங்கை ஒன்றரை மடங்காக்குங்கள். வெள்ளை மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) ஒரு தேக்கரண்டி கரைத்துவிட்டால் சோயா சாஸைப் பாதியாகக் குறைக்கலாம், சாறும் கெட்டியாகிப் பயறில் ஒட்டும். ஊதா முட்டைகோஸ் அழகாக இருக்கும், ஆனால் சாயம் விடும், கடைசி நிமிடத்தில் போடுங்கள். எடமாமே கிடைக்காவிட்டால் பச்சைப் பட்டாணியில் இதே முறையில் செய்யலாம். உலர்ந்த சோயாவை ஊறவைத்துப் போடலாமா என்றால், அது வேறு பொருளாகவே நடந்துகொள்ளும். ருசியும் வேறு, வேகும் நேரமும் வேறு.

மறுநாளைக்கு: பயறை வேகவைத்து, உலர்த்தி, சோயா சாஸில் புரட்டியது வரை முதல் நாள் இரவே செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். மூடிய டப்பாவில் மூன்று நாள் தாங்கும். காய்கள் ஒரு டப்பாவில், வினிகரும் எண்ணெயும் ஒரு சின்ன பாட்டிலில். சாப்பிடும்போது கொட்டிக் கிளற ஒரு நிமிடம்கூட ஆகாது. பயறு டப்பாவை மூடும்போது அது முழுதாக ஆறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடியில் ஆவி கோத்து, அத்தனை பாடுபட்டு விரட்டிய தண்ணீர் திரும்ப உள்ளேயே சொட்டும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவேண்டி வந்தால் ஐஸ் பையோடு எடுத்துப்போங்கள்.

சத்தைப் பொறுத்தவரை, வெந்த எடமாமே 100 கிராமில் ஏறத்தாழ 120 கலோரி, 11–12 கிராம் புரதம், 5 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. ஃபோலேட் என்ற பி வைட்டமின் 300 மைக்ரோகிராமைத் தாண்டும். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சொல்லப்படும் 400 மைக்ரோகிராமில் அது பெரும்பகுதி. இந்த அளவை இரண்டு பேர் சாப்பிட்டால் பயறிலிருந்து மட்டுமே ஆளுக்குப் பதினேழு பதினெட்டு கிராம் புரதம் வந்துவிடும். அதனால் இதைத் தனிச் சாப்பாடாக எடுத்துக்கொள்ளலாம்.

யாருக்காவது பரிமாறுகிறீர்கள் என்றால் முன்பே கேட்டுவிடுங்கள். சோயா, எள் இரண்டுமே ஒவ்வாமைப் பட்டியலில் முன்வரிசையில் இருப்பவை. சாதாரண சோயா சாஸில் கோதுமையும் உண்டு. குளூட்டன் ஆகாதவர்களுக்குக் தமாரி என்ற சோயா சாஸ் வகையில் கோதுமையில்லாத பாட்டிலைத் தேடி வாங்குங்கள், தமாரியிலும் சில வகைகளில் கொஞ்சம் கோதுமை இருக்கும் என்பதால் லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரைக்கும் சோயாவுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சோயா அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடும்.

உங்கள் ஃப்ரீசரில் இருக்கும் பாக்கெட்டைப் பிரிக்கும்போது உள்ளே பெரிய ஐஸ் கட்டிகள் ஒட்டியிருந்தால், அது ஒருமுறை இளகி மறுபடி உறைந்த பாக்கெட்டாக இருக்கலாம். அப்படிப்பட்ட பயறு எவ்வளவு உலர்த்தினாலும் கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருக்கும். அதை சூப்புக்கோ ஃப்ரைட் ரைஸுக்கோ போட்டுவிட்டு, சாலட்டுக்கு வேறு பாக்கெட் வாங்குங்கள். வாங்கும்போது உலுக்கிப் பாருங்கள், உள்ளே கோலிக்குண்டு மாதிரி தனித்தனியாக உருள வேண்டும்.